தூக்காத கப்பல்

சினிமாவுக்கு ஜீப்பில் மைக் பிடித்து விளம்பரம் சொல்கிறவனுக்கு இந்தத் தொழிலில் ஒரே ஒரு சௌகரியம், சொல்லி முடித்ததும் வண்டி நகர்ந்துவிடும். கேட்டவன் ஓடி வந்து சட்டையைப் பிடிக்க முடியாது. எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் என் வீடும் நான் வேலை பார்த்த தியேட்டரும் ஒரே தெருவில்தான். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என் வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். வரன் பார்த்துக் கொடுத்தவர்கள், வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர்கள், நல்ல சமையல்காரர் என்று யாரையோ சிபாரிசு செய்துவிட்டுப் பந்தியில் தலைகுனிந்து உட்கார்ந்தவர்கள், உங்களுக்கெல்லாம் நான் பட்டது புரியும்.

இது எண்பதுகளின் ஆரம்பத்தில் நடந்தது. மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். நான் எழுதிய நோட்டீஸும் மலையாளம், இதில் வருகிறவர்கள் பாதிப் பேர் பேசியதும் மலையாளம். என் காதில் அது எப்போதும் தமிழாகத்தான் விழும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

போட்டோவைப் பார்த்து எழுதினது

மலையாளப் படம் என்றால் பாட்டுப் புத்தகம் வரும். அதில் கதை முக்கால்வாசி அச்சடித்திருக்கும், கடைசியில் ‘மீதியைத் திரையில் காண்க’ என்று நிறுத்தியிருப்பார்கள். அதைப் பார்த்து நோட்டீஸ் எழுதுவது எனக்குச் சாயா குடிக்கிற வேலை. இங்கிலீஷ் படத்துக்கு இந்தச் சமாசாரமே கிடையாது. படப்பெட்டி வெள்ளிக்கிழமை காலைதான் வந்து சேரும். நோட்டீஸோ செவ்வாய்க்கிழமையே அச்சுக்குப் போயாக வேண்டும். நடுவில் என் கையில் இருப்பது, வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டுவதற்காக முன்கூட்டி வருகிற நாலு போட்டோக்கள்.

அந்த வாரம் வந்தது ஒரு பறக்கிற வீரன் படம். உடம்போடு ஒட்டின பச்சைச் சட்டை, முதுகில் ஒரு துண்டு. ஒரு போட்டோவில் ஆள் துறைமுகத்தில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு கப்பல். எடுத்தவன் எந்தக் கோணத்தில் எடுத்தானோ, கப்பல் கச்சிதமாக அவன் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. நான் எழுதினேன்: ‘கடலில் கிடந்த கப்பலை இரு கைகளால் தூக்கி நிறுத்தும் மாவீரன். காணத் தவறாதீர்கள்.’ தியேட்டர் முதலாளியிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் இங்கிலீஷ் படம் எதையும் உட்கார்ந்து பார்க்கிறவர் இல்லை. வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கப்பல் ஒண்ணுதான் தூக்கறானா? சரி, அதைப் பெருசாப் போடு.”

சும்மாடு இல்லாத வீரன்

எங்கள் ஊரில் கப்பல் என்று சொன்னால் சும்மா விடமாட்டார்கள். பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மிளகு மூட்டையும் அரிசி மூட்டையும் சுமக்கிறவர்கள், பரீது இக்காவைத் தலைவராக வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஃபர்ஸ்ட் ஷோவுக்கு முப்பது பேர் வந்துவிட்டார்கள். பரீது இக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்து என் தொடை கனம். முன்பெஞ்சு முழுக்க அவர்கள்தான். நானும் அப்போதுதான் முதல்தடவையாக அந்தப் படத்தைப் பார்க்கிறேன். கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

வீரன் ஒரு காரைத் தூக்கினான். பால்கனியில் கைதட்டல். முன்பெஞ்சில் ஒருத்தரும் தட்டவில்லை. உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையில் சும்மாடு இல்லை என்றார் ஒருத்தர். முட்டியை மடக்காமல் குனிகிறான், நாற்பது வயதுக்கு மேல் இடுப்பு போய்விடும் என்றார் இன்னொருத்தர். வீரன் காரைத் தூர எறிந்தான், அது போய் ஒரு கட்டடத்தில் மோதியது. எனக்கு இது புதுசாக இருந்தது. ஊரே வாய் பிளந்து பார்க்கிற ஒரு காரியத்தை, அதே காரியத்தைத் தினம் செய்கிறவன் எப்படிப் பார்ப்பான் என்று நான் அதுவரைக்கும் யோசித்ததே இல்லை. இடைவேளையில் பரீது இக்கா பீடி பற்றவைக்க வெளியே வந்தார். எப்படி இக்கா என்று கேட்டேன்.

“தூக்கறது யார் வேணா தூக்கலாம் சுந்தரம். இறக்கி வைக்கறதுதான் வேலை. அவனுக்கு அது தெரியலை.”

மணி சாரின் சந்தேகம்

அதே இடைவேளையில் பால்கனிப் படிக்கட்டில் மணி சார் என்னைப் பிடித்துக்கொண்டார். பாலக்காட்டுக்காரர், எர்ணாகுளத்தில் பேங்க் வேலை. பள்ளிக்கூடம் போகிற மகள் நச்சரித்ததால் வந்திருந்தார். வந்த இடத்தில் மகளை விட இவர்தான் படத்தில் முங்கிப்போயிருந்தார்.

இந்த வீரன் பகலில் சாதாரண ஆளாக ஓர் ஆபீசில் வேலை பார்ப்பான். மூக்குக் கண்ணாடி, கோணல் டை, மேலதிகாரியிடம் தினமும் திட்டு. மணி சாருக்குக் காரும் வேண்டாம், கப்பலும் வேண்டாம், இந்த ஆபீஸ் காட்சிதான் பிடித்திருந்தது. முன்பெஞ்சிலோ அந்தக் காட்சி வந்தால் போதும், எழுந்து சோடா வாங்கப் போனார்கள். ஒரே படத்துக்கு மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம். மேலே சிரிக்கும்போது கீழே கொட்டாவி. எனக்கானால் எந்தப் பக்கம் சேருவது என்று தெரியவில்லை, என் மனசெல்லாம் கப்பலில் இருந்தது. மணி சார் மட்டும் விடவில்லை.

“எல்லாம் சரிடா சுந்தரம், பறக்கத் தெரிஞ்சவன் ஆபீசுக்கு எதுக்கு லேட்டா வரான்? நேக்கு அதுதான் மனசிலாகலை.”

கூவல்

கப்பல் வந்தது. படம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தது. அதில் கதாநாயகி ஏறிப் போகிறாள். நம் ஆள் துறைமுகத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டி வழியனுப்புகிறான். அவ்வளவுதான். என் போட்டோ அந்த நிமிஷத்தில் எடுத்தது.

விளக்கு போட்டதும் முன்பெஞ்சிலிருந்து கூவல் கிளம்பியது. எங்கள் ஊரில் படம் பிடிக்காவிட்டால் கல் எறியமாட்டார்கள், சீட்டைக் கிழிக்கமாட்டார்கள். வாயருகில் கையைக் குவித்துக் கூவுவார்கள். முப்பது சுமட்டுக்காரர்கள் சேர்ந்து கூவினால் படகுத்துறை வரைக்கும் கேட்கும். கப்பல் எங்கே என்றார்கள். யாரோ ஒருத்தன், ஆபரேட்டர் வெட்டிவிட்டான் என்று கத்தினான். அவ்வளவுதான், எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆபரேட்டர் அந்தோணிச் சேட்டனுக்கு வீடு காயலுக்கு அக்கரையில், வைப்பினில். ஃபர்ஸ்ட் ஷோ முடிந்து கடைசி போட்டைப் பிடித்துப் போகிறவர், செகண்ட் ஷோவுக்கு வேறு ஆள். போட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு ரீலை விழுங்கிவிட்டாராம். இருபது வருஷமாக ஒரு ஷோவில் ஓர் அடி பிலிமைக்கூட அவர் விட்டதில்லை, அது எனக்குத் தெரியும்.

முதலாளி வந்தார். கையில் என் நோட்டீஸ். கப்பல் இல்லை, நானாகப் போட்டது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே. சொல்லவில்லை. எனக்கு இதை விட்டால் வேறு எந்த வேலையும் தெரியாது, பயந்தேன். அந்தோணிச் சேட்டன் மேலே கேபினிலிருந்து இறங்கி வருவதற்குள் முதலாளி தீர்ப்பே சொல்லிவிட்டார்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தத் துண்டு வந்தாகணும். இல்லேன்னா திங்கட்கிழமை ஆபரேட்டர் வேற ஆள்.”

ஒரு கை, இரண்டு கை

சனிக்கிழமை காலை சாயாக்கடைக்குப் போனேன். தேனிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே சாயா அடிக்கிற முருகேசன் என்கிற பையனுக்குப் படம் என்றால் உயிர். அங்கே பள்ளுருத்திக்காரர் ஒருத்தர், தான் எர்ணாகுளத்தில் இதே படம் பார்த்ததாகவும் அங்கே கப்பல் முழுசாக இருந்ததாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கும்போது கப்பலின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியதாம். முருகேசன் சாயாவை ஆற்றிக்கொண்டே, தண்ணீர் மட்டுமா, பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்ததே, கவனிக்கவில்லையா என்றான். அவன் பார்த்தது எங்கள் தியேட்டரில், வெள்ளிக்கிழமை மாட்டினியில். ஃபர்ஸ்ட் ஷோவில்தான் வெட்டினார்கள் என்பது அவன் கட்சி.

பார்த்தவர்கள் ஒரு பக்கம், பார்க்காதவர்கள் ஒரு பக்கம். பார்த்தவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. கப்பலை அவன் எங்கே கொண்டுபோய் வைத்தான் என்பதில் அடிதடி வராத குறை. உலகத்திலேயே அந்தக் கப்பலை எழுதினவன் நான் ஒருத்தன்தான், நான் கிளாஸைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இவர்கள் பொய் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பின்னே எங்கேதான் பார்த்தார்கள்? ஒருவேளை நான்தான் கண்ணயர்ந்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்து, தியேட்டர் வாசலுக்குப் போய் அந்தப் போட்டோவை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். திரும்பி வந்ததும் முருகேசன் என்னைத் திருத்தினான்.

“நோட்டீஸ்ல ரெண்டு கைன்னு போட்டிருக்கீங்க, அது தப்புண்ணே. அவன் ஒரே கையிலதான் தூக்கினான்.”

ரீலில் தேடியது

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தோணிச் சேட்டன் பூசை முடிந்து நேராகத் தியேட்டருக்கு வந்துவிட்டார். கேபினுக்கு வெளியே மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியை விரித்து, ஒவ்வொரு ரீலாக எடுத்து, பிலிமை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டுப் போட்ட இடங்களை விரலால் தடவித் தடவி எண்ணினார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அவர் என்ன நினைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெட்டி அனுப்புகிற கம்பெனிக்காரர்கள் எனக்குக் கதையைச் சொல்லியிருப்பார்கள், அதைத்தான் நான் எழுதியிருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தார். இங்கே வருவதற்கு முன்னாலேயே யாரோ அந்தத் துண்டை வெட்டியிருக்க வேண்டும், அந்த வெட்டின தடம் கிடைத்தால் முதலாளிக்குக் காட்டலாம் என்று தேடுகிறார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை.

“எங்கேயோ விழுந்திருக்கு சுந்தரா. நீ படிச்சவன், இல்லாததை எழுதமாட்டே.”

திரைக்கு முன்னால்

அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானம் ஜீப்பிலிருந்து மைக்கைக் கழற்றிக்கொண்டு வந்து, மாட்டினி தொடங்குவதற்கு முன்னால் திரைக்கு முன்னே போய் நின்றேன். தியேட்டர் நிறைந்திருந்தது. கப்பல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க, ஏற்கெனவே பார்த்தவர்கள்கூடத் திரும்பி வந்திருந்தார்கள். பரீது இக்காவின் ஆட்கள் முன்பெஞ்சில், மணி சார் பால்கனியில். முதலாளி கதவருகே, அந்தோணிச் சேட்டன் மேலே கேபின் ஓட்டையில் முகம் வைத்துக்கொண்டு. நான் சொன்னேன்: “படத்தில் கப்பலைத் தூக்குகிற காட்சி கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. போட்டோவைப் பார்த்து நானாக எழுதினேன். ஆபரேட்டர் ஒரு துண்டும் வெட்டவில்லை.”

அப்புறம் ஒரு மூலையிலிருந்து, அந்தோணியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று குரல் வந்தது. நான் கண்ணால் பார்த்தேன் என்று முருகேசன் எழுந்து நின்று சத்தியம் செய்தான். கப்பலே வேண்டாம், படத்தைப் போடு என்று மணி சார் மேலேயிருந்து சொன்னார். மூன்று பக்கமும் கூச்சல். பரீது இக்கா பெஞ்சு மேல் ஏறி நின்று கையைக் காட்டினார், அடங்கிவிட்டது. கப்பல் இல்லை என்று உனக்கு எப்போது தெரியும் என்று என்னைக் கேட்டார். வெள்ளிக்கிழமை ஃபர்ஸ்ட் ஷோவிலேயே தெரியும் என்றேன். அவர் கூவவில்லை, கோபப்படவும் இல்லை.

“ரெண்டு நாளா உன் மூட்டையை அந்த மனுஷன் தலையில வெச்சுட்டுப் பார்த்துட்டு நின்னியேடா.”

யானை

முதலாளி என்னை நீக்கவில்லை. அந்தோணிச் சேட்டனையும் தொடவில்லை. தானே பெருசாகப் போடச் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். படம் சண்டையிலேயே இரண்டு வாரம் ஓடியது.

அந்தோணிச் சேட்டன் மட்டும் என்னோடு பேசவில்லை. படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவார், அது இன்னும் வலிக்கும். இங்கிலீஷ் படத்துக்கு இனி வெள்ளிக்கிழமை பெட்டி வந்த பிறகுதான் நோட்டீஸ், ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை என்று முதலாளியிடம் மன்றாடி வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு வெள்ளியும் கேபின் வாசலில் தாளும் பேனாவுமாகப் போய் நிற்பேன். மூன்று வெள்ளி அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலாவது வெள்ளி ஒரு காட்டுப் படம் வந்தது. ரீலை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

“யானை இருக்கு. ஆனா நிக்கறதோட சரி, ஓடாது. அப்படியே எழுது.”

கடைசியாக ஒன்று

நாலைந்து வருஷம் கழித்து எர்ணாகுளம் போகிற போட்டில் முருகேசனைப் பார்த்தேன். அங்கே சொந்தமாகச் சாயாக்கடை போட்டிருந்தான், கூட அவன் மனைவி. அண்ணன்தான் அந்தக் கப்பல் படத்துக்கு நோட்டீஸ் எழுதினவர் என்று என்னை அறிமுகம் செய்துவைத்தான். தம்பி, நான் அன்றைக்கு மைக்கில் சொன்னது உண்மைதான், அப்படி ஒரு காட்சியே இல்லை என்று ஆற அமர எடுத்துச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

“விடுங்கண்ணே, சேட்டனுக்காக அன்னிக்குச் சொன்னீங்க, சரி. இன்னும் எதுக்கு மறைக்கறீங்க?”

அந்தக் கப்பலைத் தூக்கினது சத்தியமாக நான்தான், இறக்கி வைக்கத்தான் இன்றைக்கு வரைக்கும் ஆள் கிடைக்கவில்லை.