பேய் விளையாட்டின் மேல் கட்டிய பிராது

எங்கள் வீட்டில் சாமி ரூமுக்கு மட்டும்தான் ஜன்னல் கிடையாது. ரோட்டுச் சத்தம் உள்ளே வராது. அதனால் என் வீட்டுக்காரரும் என் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேயைப் பற்றிப் பேசுவார்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள். செவ்வாய், வெள்ளியில் விளக்கேற்றாமல் ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டேன். முதல் தடவை அவர்கள் பேசுவது காதில் விழுந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும், பாருங்கள்.

"ஏங்க, முருகன் படத்துக்கு எதிர்ல ஒக்காந்துகிட்டு பேயி பிசாசுங்கிறீங்களே, நல்லாவா இருக்குது?"

"அவரு எதிர்ல பேசுறதுதான்க்கா சேப்டி. வெளிய பேசுனா பேய் கேட்டுடும்" என்றான் தம்பி.

ரெண்டாயிரத்து எட்டு வாக்கில் நடந்தது இது. வீட்டுக்கு பிராட்பேண்டு வந்த புதுசு. என் வீட்டுக்காரர் இங்கே ஒரு செராமிக் கம்பெனியில் சூப்பர்வைசர். தம்பி பஸ் ஸ்டாண்டு பக்கம் நெட் சென்டர் வைத்திருந்தான். அவன் வீடு கருவேப்பிலங்குறிச்சியில். எங்களுக்கு அப்பா, அம்மா ரெண்டு பேருமே போய்விட்டார்கள். மற்ற நாளெல்லாம் ஓட்டலில் சாப்பிடுகிறவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் கையால் சாப்பிட வருவான். அந்த ஒரு வேளைதான் எனக்குத் தாய் வீடு.

மாமனும் மச்சானும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேமுக்கு ரசிகர்களாக ஆகியிருந்தார்கள். பட்டப்பகலில் ஹால் ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டு விளையாடுவார்கள். கதை எனக்கும் தெரியும். பாழடைந்த ஒரு ஆஸ்பத்திரி. காணாமல் போன மகளைத் தேடிக்கொண்டு ஒரு அம்மா உள்ளே போகிறாள். கையில் டார்ச் லைட்டைத் தவிர ஒன்றுமில்லை. ஏதோ ஒன்று பின்னாலேயே வருகிறது. சண்டை போட முடியாது. கட்டிலுக்கு அடியில் ஒளியலாம், மூச்சை அடக்கலாம், அவ்வளவுதான். அரிசி களைந்துகொண்டே எட்டிப் பார்ப்பேன். அவள் ஒவ்வொரு கதவாகத் திறந்து மகள் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது எனக்குக் கை ஓடாது.

அதைப் பற்றித்தான் பாட்காஸ்ட்டு செய்தார்கள். ரேடியோ மாதிரிதான், ஸ்டேஷன் மட்டும் கிடையாது. பேசிப் பதிவு செய்து நெட்டில் ஏற்றிவிட்டால், வேண்டியவர்கள் இறக்கிக் கேட்டுக்கொள்வார்கள். மலேசியாவில் கொஞ்சம் பேர், கனடாவில் கொஞ்சம் பேர், இலங்கையில் நாலைந்து பேர். ஒருநாள் தம்பி ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டான். பேச்சுக்கு நடுவில் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"வெட்டிடுடா அத."

"போக்கா. அந்த விசிலு கேட்டா அம்மா ஞாபகம் வருதுன்னு கனடாலேந்து எழுதியிருக்காரு ஒருத்தரு. உனக்குத்தான் ரசிகருங்க அதிகம்."

அன்றைக்குத்தான் முழுசாக உட்கார்ந்து கேட்டேன். என் வீட்டுக்காரர் வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். கம்பெனியில் சூளையிலிருந்து இறங்கிய பீங்கானை விரலால் சுண்டிப் பார்ப்பதுதான் அவர் வேலை. விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சத்தத்தில் தெரிந்துவிடும் அவருக்கு. அந்தக் காதை வைத்துக்கொண்டு அவர் அந்த கேமைக் கேட்டிருந்தார். மூன்றாவது மாடியில் அந்த அம்மாவின் செருப்புச் சத்தம் மாறுகிறது, தரை ஈரமாக இருக்கிறது என்று நமக்கு முன்னாலேயே காலுக்குத் தெரிகிறது, இதைச் செய்தவர் எவ்வளவு நாள் உட்கார்ந்து செய்திருப்பார் என்று அப்படியே உருகிப் பேசுகிறார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்த மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தம்பி வேறு மாதிரி. சிரிக்க வைப்பான், குத்துவான், மாமாவை வம்புக்கு இழுப்பான். ரெண்டும் சேர்ந்தால்தான் அந்த நிகழ்ச்சி.

பிறகு அந்த கேமுக்கு ரெண்டாவது பாகம் வந்தது. அன்றைக்கும் அடுப்படியிலிருந்து ஒரு காதை அங்கேயே வைத்திருந்தேன். போர்வையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டார்கள். இழவு வீட்டிலிருந்து வருகிற மாதிரி இருந்தது முகம்.

"என்னாச்சு?"

"அந்தம்மா கையில துப்பாக்கி குடுத்துட்டாங்க" என்றார் வீட்டுக்காரர்.

ரசிகர்கள் கூடிப் பேசுகிற நெட் பக்கத்தில் ஒரே வசவாம். கேமைச் செய்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான், ஏதோ குளிர் தேசத்தில் இருக்கிறவர்கள். அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளை வரைக்கும் இழுத்துத் திட்டுகிறார்கள் என்று தம்பி சொன்னான். சொல்லிவிட்டு, "நாமளும் இந்த வாரம் கிழிக்கணும் மாமா. ஒவ்வொருத்தனையும் நார் நாரா. அப்பத்தான் நாலு பேரு கேப்பான்" என்றான்.

சோறு போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கையை உதறினார்.

"கொறை சொல்லலாம் மாப்ள. வையக்கூடாது."

"இதுக்கு மேல என்னா கொறை வேணும்? காசு வாங்கிகிட்டு ஏமாத்திட்டாங்க."

"ஏமாத்துனாங்கன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்? பரவால்ல, ஏதோ முயற்சி பண்ணியிருக்காங்க."

"பரவால்லயா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, பரவால்லயா? போன வாரம் வரைக்கும் உருகுனீங்களே, இப்ப ஜால்ரா தட்டுறீங்க. ஒங்களுக்கு ஒண்ணு பிடிச்சிட்டா அதுக்கப்புறம் கண்ணு தெரியாது மாமா."

"ஒனக்குக் கைதட்டு கெடைச்சா போதும், வாய் எங்க போவுதுன்னு தெரியாது."

தம்பி எழுந்துவிட்டான். குழம்பு ஊற்றிய சோறு அப்படியே இருக்கிறது. "டேய், சாப்டுட்டுப் போடா" என்று வாசல் வரைக்கும் ஓடினேன். "வரேன்க்கா" என்று மட்டும் சொன்னான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால் சென்டரில் கூட்டம் என்பான். இவர் மைக்கைத் துணியில் சுற்றி பீரோ மேலே வைத்துவிட்டார். வா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றால், "பேசுனது அவன்தானே" என்பார்.

மூன்றாவது ஞாயிறும் போனபின், திங்கட்கிழமை காலையில் குளித்துவிட்டு மணவாளநல்லூர் போனேன். கொளஞ்சியப்பர் கோயில். எங்கள் பக்கத்தில் ஒருத்தருக்குத் தீராத குறை என்றால் அங்கேதான் பிராது கட்டுவார்கள். போலீஸ் ஸ்டேஷனில் மனு எழுதுகிற மாதிரிதான். நான் இன்னார், இன்ன ஊர், எனக்கு இன்னாரால் இன்ன குறை என்று ஒரு தாளில் எழுதி, கொளஞ்சியப்பர் காலடியில் வைத்துப் பூசை செய்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவது. அவர் விசாரிப்பார். குறை தீர்ந்ததும் வந்து வாபஸ் வாங்க வேண்டும்.

தாளை மடியில் வைத்து எழுத உட்கார்ந்தேன். 'என் தம்பி மரியாதை தெரியாதவன்' என்று ஆரம்பித்தேன். பேனா நின்றுவிட்டது. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. சாமிக்கு அது தெரியும். அவரிடம் கொடுக்கிற தாளில் கூட்டி எழுதினால் விசாரணை நம் பக்கம் திரும்பிவிடும். அதைக் கிழித்தேன். இன்னொரு தாளில் 'என் வீட்டுக்காரர் பிடிவாதக்காரர்' என்று எழுதினேன். அதுவும் முழு உண்மை இல்லை. கிழித்தேன். யார் மேல்தான் குறை? யோசிக்க யோசிக்க, ஒரே ஒருத்தி கையில் இருந்த துப்பாக்கிதான் கண்ணுக்குத் தெரிந்தது. சரி என்று அதையே எழுதினேன்.

கோயில் ஆபீசில் தாளை வாங்கியவர் கேட்டார், "யாரு மேலம்மா பிராது?"

"ஒரு கம்பெனி மேலங்க."

"எந்த ஊரு?"

"வெளிநாடுங்க. அட்ரஸு தெரியாது."

"வேல செஞ்சதுக்கு சம்பளம் குடுக்கலையா?"

"இல்லங்க. துப்பாக்கி குடுத்துட்டாங்க."

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் தாளை மறுபடி படித்தார். "தெளிவாத்தான் எழுதியிருக்கீங்க. போயிக் கட்டுங்க" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். டீ புரையேறி, இருமி, சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "கேம் மேல பிராது கட்டுன மொத ஆளு நீதான்டி ஒலகத்துலயே" என்றார். சிரித்து முடித்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "என்னா எழுதுன? அப்பிடியே சொல்லு" என்றார். சொன்னேன். ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் அவரே போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டார்.

"மாப்ள, ஒங்கக்கா அந்த கேமு செஞ்சவங்க மேல பிராது கட்டிட்டு வந்திருக்கா."

அரை மணி நேரத்தில் தம்பி வாசலில் நிற்கிறான். சென்டரைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருக்கிறான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அக்கா, கொளஞ்சியப்பர்கிட்டயா கட்டுன? ஐயோ, அவங்களுக்கு எதாவது ஆயிடப் போவுது!"

"நீதானேடா நார் நாரா கிழிக்கணும்ன?"

"அது வாயால சொன்னதுக்கா! அவங்க புள்ளகுட்டிக்காரங்க. அந்த செருப்புச் சத்தம் செஞ்ச ஆளு இருக்காரே, மாமா உருகுவாரே, அவருக்கு கைகால் ஒண்ணு ஆயிட்டுதுன்னா? மொதல்ல போயி வாபஸ் வாங்கு."

நான் என் தம்பியைப் பார்த்தேன். இவனா வசவு நிகழ்ச்சி நடத்தப் போகிறான்! வீட்டுக்காரர் அந்தப் பேப்பரை அவன் கையில் கொடுத்தார். அவன் நின்றபடியே சத்தம் போட்டுப் படித்தான்.

"முன்னே வந்த கதையில் அந்த அம்மா வெறுங்கையோடு போனாள். பயந்துகொண்டே போனாள். அதனால்தான் நாங்களும் அவளோடு போனோம். இப்போது அவள் கையில் துப்பாக்கி இருக்கிறது. சுடுகிற மும்முரத்தில் மகளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. முதல் கதையைச் செய்ததும் அவர்களே. அவர்களுக்கு ஒரு கெடுதலும் வேண்டாம். அடுத்த தடவை அவளை வெறுங்கையோடு அனுப்பும்படி அவர்கள் மனசில் தோன்றச் செய்ய வேண்டும்."

படித்துவிட்டு அங்கேயே செருப்போடு உட்கார்ந்தான். "கூப்பிடுறத விட்டுட்டாளா? நான் கவனிக்கலையேக்கா."

"நானும்தான்" என்றார் வீட்டுக்காரர். அவர் காதுக்கே தப்பியிருக்கிறது. "முழுசா ஒரு தடவ ஆடிப் பாத்துட்டுத்தான் பேசணும் மாப்ள. ஒரு மணி நேரம் பாத்துட்டு நீ வையவும் கூடாது, நான் பரவால்லைங்கவும் கூடாது."

அந்த வாரம் முழுக்க ரெண்டு பேரும் தனித்தனியாக உட்கார்ந்து, பிடிக்காத அந்த ரெண்டாவது பாகத்தைக் கடைசி வரைக்கும் விளையாடினார்கள். நோட்டுப் போட்டு எழுதினார்கள். எந்த மாடியில் அவள் மகளைக் கடைசியாகக் கூப்பிடுகிறாள், மழைச் சத்தம் எவ்வளவு நன்றாக இருக்கிறது, முடிவில் அந்தக் கடிதம் எப்படி நெஞ்சைப் பிசைகிறது என்று நல்லதையும் விடாமல் எழுதினார்கள். பிடிக்காத ஒன்றுக்கு இவ்வளவு நேரம் கொடுக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. பிடிக்காத உறவுக்காரர் வீட்டுக்கு நாம் அஞ்சு நிமிஷம்கூடப் போவதில்லையே.

ஞாயிற்றுக்கிழமை சாமி ரூமில் பதிவு நடந்தது. குக்கரை அன்றைக்கு நான் ஏற்றவில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி கேட்டேன். தம்பி குரலில் கேலி இல்லை. "நீங்க பயந்துட்டீங்க" என்று அந்தக் குளிர் தேசத்துக்காரர்களைப் பார்த்துப் பேசினான். "எங்கள பயமுறுத்தத் தெரிஞ்ச நீங்க, நாங்க வாங்காம போயிடுவோமோன்னு பயந்துட்டீங்க. அந்தம்மாவுக்கு இருந்த தைரியம் ஒங்களுக்கு இல்லாம போச்சு." வீட்டுக்காரர் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மழைச் சத்தத்தைப் பற்றி ஆரம்பித்தார்.

முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெட்டி ஒட்டினார்கள். தன் குரல் வந்த இடத்தைத் தம்பி மூன்று தடவை ஓட்டிக் கேட்டான்.

"மாமா, இது ஓவரா இருக்குதா? எடுத்துடட்டுமா?"

"எடுக்காத. வலிக்கும். ஆனா வையலியே."

"அவங்க மனசு கஷ்டப்படுமே."

"படட்டும். நீ அவங்கள மதிக்கப்போயிதான் இவ்ளோ சொல்ற." அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "என்னோடதுல ஒண்ணு இருக்குது, அத எடு. ரெண்டாவது பாகமும் ஒரு விதத்துல பரவால்லன்னு சொன்னேன் பாரு, அது பொய்யி."

தம்பி மாமாவைத் திரும்பிப் பார்த்தான். அந்த இடத்தைத் தேடிப் பிடித்து வெட்டினான். ஹெட்போனை என் காதில் மாட்டி, "பாரு, ஒட்டு தெரியுதா?" என்றான். எனக்குத் தெரியவில்லை.

"அப்பறம் என்ன. சோறு போடுக்கா" என்றான்.