ஞாயிற்றுக்கிழமை ஊதாத சங்கு

நாங்கள் இருப்பது காக்களூர் தொழிற்பேட்டைக்குப் பின்புறம். காலை ஐந்தரைக்கு ஊதும் கம்பெனிச் சங்குதான் எங்கள் தெருவுக்கே அலாரம். அதைக் கேட்டுத்தான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். என் மகள் எழுந்து இயற்பியல் புத்தகத்தைத் திறப்பாள். பல்கலைக்கழக அறிவியல் நுழைவுத்தேர்வுக்கு ஒரு வருடமாக அப்படித்தான் படித்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், "அம்மா, உன் போன்ல அலாரம் வெச்சிக்கினு படுக்கலாமா?" என்று கேட்டாள்.

"எதுக்குடி? அதான் சங்கு ஊதுமே" என்றேன்.

மறுநாள் முகத்தில் வெயில் அடித்துத்தான் கண் விழித்தேன். மணி ஏழரை. சங்கு ஏன் ஊதவில்லை என்று நான் குழம்பி நிற்க, அவள்தான் சொன்னாள்: "இன்னிக்கி ஞாயித்துக்கெழமைம்மா. கம்பெனி லீவு."

திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் பறந்தோம். ஞாயிறு என்பதால் ரயிலும் குறைவு. சென்னையில் தேர்வு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட்டைப் பூட்டிவிட்டிருந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"நான் இன்னாம்மா பண்றது? சாவிய உள்ள எடுத்துக்கினு போய்ட்டாங்க" என்றார் வாட்ச்மேன்.

மகள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. உள்ளே மணி அடித்தபோது, "இப்போ கேள்வித்தாள் குடுத்துக்கினு இருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வருடத் தேர்வுக்கு மறுபடி படிக்கிறாள். நான் போனிலும், புதிதாக வாங்கிய டைம்பீஸிலும் தினமும் அலாரம் வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமையும்தான். அது அடித்ததும் எழுப்பப் போனால், அவள் ஏற்கெனவே விழித்து உட்கார்ந்திருக்கிறாள்.