மீன் குழம்பு நாளில் சுடாத மிஷின்

1974 ஜூன் வரைக்கும் செங்கம்மாள் கழுவிய தட்டுகள் பத்து லட்சத்தைத் தாண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு, வருஷத்துக்கு முந்நூறு நாள், ஆறு வருஷம். பெருக்கிச் சொன்னவர் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் ஆதிகேசவன். அதைக் கேட்டு அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "அதான் ரேகையே காணோம். ஜோசியக்காரன் பார்த்துட்டு எந்திரிச்சிப் போய்ட்டாண்ணே."

பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பத்துக்காரி. விடிவதற்குள் பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து பாசஞ்சர் ரயிலில் மீஞ்சூர், பிறகு நடை. அங்கே தொழிற்சாலை கேன்டீனில் தினக்கூலி. அந்த ஜூனில்தான் தட்டு கழுவும் மிஷின் லாரியில் வந்து இறங்கியது. படுக்கப் போட்ட பீரோ மாதிரி இருந்தது. உள்ளே ஒரு தொட்டி, தொட்டித் தண்ணீரைச் சுட வைக்க ஹீட்டர், ஹீட்டர் வேலை செய்தால் எரியும் சிவப்பு விளக்கு. முதல் நாள், பெண்கள் எல்லாரும் பத்தடி தள்ளி நிற்க, பொத்தானை அமுக்கியவள் செங்கம்மாள். அந்தத் தைரியத்துக்காகவே 'மிஷின் ஆபரேட்டர்' என்று அவள் பெயரை எழுதி, மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்கள். தேறினால் நிரந்தர வேலை. மாதச் சம்பளம், தீபாவளி போனஸ், உடம்புக்கு முடியாவிட்டால் சம்பளத்தோடு லீவு. குப்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் அதுவரை வாய்க்காதது.

மூன்றாவது வாரம் மிஷின் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலை நாஷ்டா தட்டுகள் பளபளவென்று வரும். மதியம் தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே கிடக்கும். அதுவும் தினமும் இல்லை; புதன், சனி மட்டும். அந்த இரண்டு நாளும் கேன்டீனில் மீன் குழம்பு.

"மிஷின் சைவம்பா!" என்று தலைமைச் சமையல்காரர் ராஜமாணிக்கம் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். "மீன்காரி கை பட்டா மூஞ்சியத் திருப்பிக்குது."

"உன் சாம்பாரைத் துன்னுட்டு அது உசுரோட கீதே, அதுவே பெரிசு" என்றாள் அவள்.

கேன்டீன் ஆபீசர் யேசுதாஸ் கெடு வைத்துவிட்டார். "சனிக்கிழமை மத்தியானம் நானே வந்து பார்ப்பேன். அன்னிக்கும் சூடாகலைன்னா பெட்டியில போட்டுத் திருப்பி அனுப்பிடுவேன். மிஷினே இல்லாதப்போ ஆபரேட்டர் எதுக்கும்மா?"

ஆதிகேசவன் சும்மா இருக்கவில்லை. ஹீட்டரைக் கழற்றி டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தார், எரிந்தது. ஃபியூஸ் மாற்றினார். உப்புத் தண்ணீர் ஊர் என்பதால் ஹீட்டரில் படிந்த வெள்ளையைச் சுரண்டினார். மீன் கொழுப்புத்தான் காரணம் என்றும் ஒரு தீர்ப்புச் சொன்னார்.

அங்கேதான் செங்கம்மாள் அவரை மடக்கினாள். "காலையில ஊத்துன தண்ணிய வடிச்சிட்டு, பதினொண்ணரைக்குப் புதுத் தண்ணி வுடறேன். அப்பவே வெளக்கு எரியல. ஒரு தட்டு கூட உள்ள போவல. அதுக்குள்ள கொழுப்பு எப்டிண்ணே போச்சு?"

"நான் வர்றப்போ நல்லாத்தானே கீது?"

"நீ எப்போ வர்றே? நான் சொல்லி, ஆபீசுல சீட்டு எழுதி, சீட்டு உன் ஷெட்டுக்கு வந்து, நீ வர்றப்போ மணி ரெண்டரை. ஜுரம் வுட்டப்புறம் வந்து நாடி புடிச்சா இன்னா தெரியும்?"

சனிக்கிழமை சீட்டு இல்லாமலே பதினொன்றேகாலுக்கு ஆதிகேசவன் வந்து நின்றார். அவள் புதுத் தண்ணீர் நிரப்பினாள். பொத்தானை அமுக்கினாள். விளக்கு எரியவில்லை. வாசலில் யேசுதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

முதல் தடவையாகக் கோளாறு இருக்கும்போதே ஆதிகேசவன் கையில் மிஷின் கிடைத்தது. டெஸ்ட் லாம்பை ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டே போனார். தெர்மாஸ்டாட் வரைக்கும் கரண்டு வந்தது. அதைத் தாண்டிப் போகவில்லை. தண்ணீர் போதிய அளவு சுட்டதும் ஹீட்டரை நிறுத்துவது அதன் வேலை. "பச்சைத் தண்ணியப் பார்த்து சுடுதண்ணின்னு நெனச்சிக்கினு கீது, பைத்தியம்" என்றார். சூட்டை உணரும் செம்புக் குழாய் தொட்டியின் இடதுபக்கச் சுவரில், வெளிப்புறம் பொருத்தியிருந்தது. பார்க்கக் குனிந்தவர், "ஐயோ!" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு துள்ளினார்.

அங்கே மீன் குழம்பு அண்டா இருந்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது, தளதளவென்று.

சைவம் சாப்பிடுகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று மீன் அண்டாவைப் பரிமாறும் மேஜைப் பக்கம் வைப்பதில்லை. சுவரோரம், மிஷினை ஒட்டி மறைத்து வைத்து, அங்கிருந்து வாளியில் மொண்டு போவார்கள்; இரண்டு மணிக்குள் அண்டா காலியாகி ஆறிவிடும். கேன்டீன் திறந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம், அதுதான் இடம். மிஷின் பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அண்டாவுக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் நுழையாது.

செங்கம்மாள் யாரையும் கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகி, அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். "இன்னொரு பக்கம் புடிய்யா!" என்றதும் ராஜமாணிக்கம் ஓடி வந்து பிடித்தார். அண்டா நகர்ந்தது. ஈரத் துணியைப் பிழிந்து குழாய் மேல் சுற்றினாள். எல்லாரும் விளக்கையே பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இந்தக் குழாய்க்கு மேல ஒரு தகடு இருக்கணுமே, எங்க?" என்றார் ஆதிகேசவன்.

ராஜமாணிக்கம் தலையைச் சொறிந்தார். லாரியிலிருந்து இறக்கிய அன்றே அந்த எவர்சில்வர் தகடு அவருக்குப் பிடித்துப் போயிருந்தது; இரண்டு வாரம் பொறுத்துக் கழற்றிக்கொண்டார். இப்போது அது சோற்று அண்டாவுக்கு மூடி.

"கஞ்சி வடிக்க அளவெடுத்த மாதிரி இருந்திச்சிப்பா..."

"சைவ மிஷினா? அதும் புடவைய உருவிக்கினு போய் மூடி போட்டுக்கினு, பேச்சப் பாரு!" என்றாள் செங்கம்மாள். யேசுதாஸ்கூட வாசல் பக்கம் திரும்பிச் சிரித்தார். தட்டுகள் ஒன்றரை மணிக்குள் ஆவி பறக்க வெளியே வந்தன. அவர் ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்து, அடுக்கின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஆதிகேசவன் தகட்டைத் திருகாணி போட்டு இறுக்கினார். செப்டம்பரில் செங்கம்மாளின் வேலை நிரந்தரமானது. அதுவரை தினமும் டிக்கெட் வாங்கியவள், முதல் மாதச் சம்பளத்தில் பொன்னேரியிலிருந்து மீஞ்சூருக்கு ரயில் சீசன் டிக்கெட் எடுத்தாள்.