தோளுக்கு மேல் போகாத மட்டை

பிறை நகரில் மேரி அக்கா வாங்கியிருக்கும் புது அடுக்குமாடி வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். பால்கனிக் கதவைத் திறந்ததும் கீழேயிருந்து புல் வெட்டும் வாசனை. அக்கா வாசல், காற்று, லிஃப்ட் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் எதுவும் ஏறவில்லை. நாங்கள் கோல்ஃப் பந்து அடித்துப் பழகிய மைதானம் இதே இடத்தில்தான் இருந்தது.

கோல்ஃப் என்றதும் பெரிய இடத்துப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது பக்கத்துத் தொழிற்சாலையில் நானும் மேரி அக்காவும் கிராணிகள், கணக்கெழுதும் குமாஸ்தாக்கள். மட்டை இரவல், காலுக்குச் சப்பாத்து பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியது. வேலை விட்டதும் ஒரு வாளி பந்தை வாங்கி வைத்துக்கொண்டு வெயில் இறங்கும்வரை அடிப்போம்.

எனக்கு ஒரு கோளாறு இருந்தது. பள்ளியில் நான் ஹாக்கி ஆட்டக்காரி. அந்தக் காலத்தில் மட்டை தோளுக்கு மேல் போனால் விசில் ஊதிவிடுவார்கள். அந்தப் பயத்தில் கோல்ஃப் மட்டையும் தோளோடு நின்றுவிடும். பந்து தவளை மாதிரி நாலு தத்து தத்திப் படுத்துக்கொள்ளும்.

"இங்க விசில் ஊத யாரு இருக்கா? நல்லா தூக்கி அடி லா!" என்பார் மேரி அக்கா.

தூக்கி அடித்தேன். பந்து பறந்தது, வலப்பக்கக் கம்பி வேலிக்கு. தூரம் வந்தது, குறி போய்விட்டது.

அந்தச் சமயம் தொழிற்சாலையில் போட்டி வைத்தார்கள். ஆளுக்கு ஒரு பந்து. இரண்டு வரிசைக் கொடிகளுக்கு நடுவே அதிக தூரம் அடிப்பவருக்குக் கம்பெனி அணியில் இடம். அதுவரை அந்த அணியில் பெண்களே கிடையாது. பெயர் கொடுக்கப் போனபோது மேனேஜர் சிரித்தார்.

"நீங்க சாப்பாட்டுப் பக்கம் பாத்துக்குங்க லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அதன்பிறகுதான் யோசித்தேன். கையைத் தூக்குகிறேன், உடம்பு கம்பம் போல நிற்கிறது. ஹாக்கியில் இடுப்பைத் திருப்பித்தானே அடித்தேன்! மட்டையைப் பழையபடி தோளோடு நிறுத்தினேன். முதுகையும் இடுப்பையும் முழுக்கத் திருப்பினேன். பிடியைத் தளர்த்தினேன். பந்து நேராகப் போக ஆரம்பித்தது, தூரமும் கூடியது.

போட்டியன்று பலசாலிகளெல்லாம் வானத்துக்கு ஓங்கி வேலிக்கு அனுப்பினார்கள். மேனேஜரின் பந்து கொடிகளுக்குள்தான் விழுந்தது, ஆனால் பாதி தூரத்தில். என்னுடையது தாழப் பறந்து, விழுந்த பிறகும் உருண்டு உருண்டு ஓடியது.

"நேரா போவுது லா! நேரா போவுது!" என்று மேரி அக்கா கத்தியது இன்னும் கேட்கிறது.

அன்று மீ கோரெங் நூடுல்ஸ் தட்டை மேனேஜரே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அப்படி ஒரு ருசியை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

இன்று அந்த வேலி இல்லை, கொடிகள் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. பால்கனியிலிருந்து கார் நிறுத்துமிடத்தைக் காட்டினேன்.

"அந்த வெள்ளக் காடி நிக்குதில்ல அக்கா, அங்கதான் என் பந்து நின்னுச்சி."

மேரி அக்கா எட்டிப் பார்த்தார்.

"இல்ல லா, இன்னும் தூரம்."