பக்கத்துச் சீற்றின் பெல்ற்

இது நடந்தது. போன நவம்பரில், ஒரு சனிக்கிழமை, எனக்கு நடந்தது. எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமானது. இது மட்டும் உள்ளே அடங்க மறுக்கிறது.

தன் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த வாரம் என் மனைவி வேரோனிக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கோடையில் ஏதாவது ஓர் ஏரிக்கரையில், சொந்தக் கட்டிலில், சில நாட்கள் படுத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியும் ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடியும் அவளுக்கு அலுத்துவிட்டன. எனக்கும்தான். உள்ளே கட்டில்கள் உள்ள பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கி, விட்பியில் அவளுடைய தம்பி கிளிபோட்டின் வீட்டு வாசலில் விட்டோம். அதை இழுக்க ஒரு பிக்கப் வாகனம் வேண்டும். நான் ஓட்டுவேன். அவள் பக்கத்துச் சீற்றில் இருப்பாள். அவளை இவ்வளவு தூரம் மீட்டுக்கொண்டு வந்த பிறகு, அந்தச் சீற் பத்திரமாக இருக்க வேண்டும்.

வேலை முடிந்த மாலைகளிலெல்லாம் பிக்கப் பார்த்தேன். ஒன்றுக்கு இழுவை காணாது. இன்னொன்றின் அடிப்பக்கம் முழுவதும், பனிக்கு வீதியில் போடும் உப்பால் வந்த துரு. கடைசியில், பழைய வாகனங்களைத் திருத்தி விற்கும் அன்புராசா அண்ணையின் கராஜில் ஒரு கறுப்புப் பிக்கப் நின்றது. பெரிய எஞ்சின்.

"ஒருக்கா ட்ரெய்லரைக் கொழுவி இழுத்துப் பாரும். பிறகு முடிவு சொல்லும்," என்றார். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், என் முழங்காலுக்குச் சற்று மேலே இருந்த சிறிய லீவரைக் காட்டினார். "ட்ரெய்லர் ஆடினா கால் பிரேக்கைத் தொடாதேயும். உந்த லீவரைத் தள்ளும். ட்ரெய்லரிலை இருக்கிற பிரேக் மட்டும் பிடிக்கும்."

"விபத்துப்பட்டதோ அண்ணை?"

"சின்னனா ஒண்டு. எல்லாம் திருத்தியாச்சு."

துணியில் கையைத் துடைத்தார். துடைத்து முடிக்க நிறைய நேரம் பிடித்தது.

விட்பிக்குப் போகும் வழியில் அது தொடங்கியது.

டிங்... டிங்... டிங்...

பக்கத்துச் சீற்றில் இருப்பவர் பெல்ற் போடவில்லை என்ற எச்சரிக்கை. சீற்றில் எதுவும் இல்லை. என் ஜாக்கெட்கூடப் பின்னால்தான் கிடந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது எட்டி, வெற்றுச் சீற்றுக்குக் குறுக்கே பெல்ற்றை மாட்டினேன். எல்லோரும் செய்வதுதான். சத்தம் நின்றது.

பெல்ற் சீற்றோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். அது கொஞ்சம் முன்னால் தள்ளி நின்றது. பழைய பெல்ற் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளிபோட்டும் நானும் பாரத்துக்காகத் தண்ணீர்க் கான்களை ட்ரெய்லரின் பின்கட்டிலில் அடுக்கினோம். பாரம் முன்னுக்கு இருக்க வேண்டும், பின்னுக்கு இருந்தால் ட்ரெய்லர் ஆடும் என்பது இருவருக்கும் தெரியாது.

"அத்தான், நானும் ஏறிப் படுக்கட்டோ? உந்தக் கானெல்லாத்தையும் விட நான் பாரம்."

"நீ ஏறினா ரயர் வெடிக்கும். இறங்கு."

ஐந்து பத்துக்குத் தனியாகப் புறப்பட்டேன். குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றிய பிறகு அந்த நேரமே நல்ல இருட்டு. வடக்கே போனேன். பிக்கப் களைப்பில்லாமல் இழுத்தது. இதையே எடுக்கலாம் என்று நினைத்தேன்.

ஐந்து முப்பத்தொன்று. நீண்ட இறக்கம்.

ட்ரெய்லர் லேசாக ஆடியது. இடம்... வலம்...

பிறகு லேசாக இல்லை.

கண்ணாடியில் அதன் வெள்ளைப் பக்கம் தெரிந்தது. மறைந்தது. தெரிந்தது. ஸ்டியரிங் கைக்குள் நிற்கவில்லை. லீவர் நினைவிலேயே இல்லை. கால் பிரேக்குக்குப் போனது.

க்ளிக்.

பக்கத்தில்.

டிங்... டிங்... டிங்...

லீவர் நகர்ந்தது.

நான் தொடவில்லை. என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்.

கடைசிவரை போய், அங்கேயே நின்றது. நடுங்கியபடி. யாரோ முழுப் பலத்தையும் கொடுத்துப் பிடித்திருப்பதுபோல...

பின்னால் ட்ரெய்லர் இழுபட்டது. ஆட்டம் நின்றது.

ஓரமாக நிறுத்தினேன். லீவர் மெதுவாகத் தன் இடத்துக்குத் திரும்பியது.

பக்கத்தில் பார்த்தேன்.

பெல்ற் கழன்று கிடந்தது.

டிங்... டிங்...

ட்ரெய்லரை விட்பியில் விட்டு, வீடு வந்து சேரும்வரை அது அடித்துக்கொண்டே இருந்தது. பெல்ற்றை மறுபடி மாட்ட எனக்குத் துணிவு வரவில்லை.

திங்கட்கிழமை சாவியைக் கொடுக்கப் போனேன்.

"எப்பிடி இழுத்தது?"

"நல்லா இழுத்தது, அண்ணை. பக்கத்துச் சீற் மணிதான் நிக்காமல் அடிக்குது."

அன்புராசா அண்ணை நிமிர்ந்தார். "அது அடிக்காது. உந்தச் சீற் வேறை பழைய வாகனத்திலை கழட்டினது. நான்தான் போட்டனான். மணிக்குப் போற வயரே அதிலை இல்லை."

"அப்ப, முந்தின சீற்?"

அவர் வெளியே நின்ற பிக்கப்பைப் பார்த்தார்.

"முதல் வைச்சிருந்தவர் மனிசியோடை ட்ரெய்லர் இழுத்துக்கொண்டு போனவர். இறக்கத்திலை ஆடியிருக்கு. மனிசன் பயத்திலை பிரேக்கை மிதிச்சிட்டார். அவ லீவரைத் தள்ளப் பாத்திருக்கிறா. எட்டேல்லை."

துணியை எடுத்தார். கையில் அழுக்கு எதுவும் இல்லை.

"எட்டிறதுக்குத்தான் பெல்ற்றைக் கழட்டினவவாம். மனிசன் மட்டும் தப்பிட்டார்."

பெல்ற் கழன்றதைப் பற்றி நான் அவரிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வேரோனிக்கா கதவைத் திறந்தாள்.

"பிக்கப் சரிவராதோ?"

"சரியா இழுக்குது."

"பிறகென்னப்பா?"

குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன்.

"உமக்கு அதிலை இடமில்லை," என்றேன்.