அன்புச்செல்வனின் புஜம்

ரிஷிவந்தியம் அன்புச்செல்வன் கரும்பு வெட்டி முறுக்கேறியவன். உடம்பில் ஒரு குறையும் இல்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் முன்வரிசையில் கொடி பிடிக்கும்போது புஜம் பெரிதாகத் தெரியவேண்டுமாம். அதற்காக ஜிம்காரனிடம் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். போராட்டம் முடிந்தும் ஊசியை விடவில்லை.

கல்யாணமாகி இரண்டு வருடம் குழந்தையில்லை. ஏச்செல்லாம் மனைவி தேவிப்ரியாவுக்கு. இந்த வீரன் ஊசியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

திருக்கோவிலூர் டாக்டரம்மா அவன் ரிப்போர்ட்டைப் பார்த்தார். விந்தணுவே இல்லை. துருவிக் கேட்டதும் ஊசி விஷயம் வெளியே வந்தது.

"நல்லா இருந்த உடம்புக்கு ஊசி எதுக்கு? நிறுத்துங்க, சரியாக வாய்ப்பிருக்கு."

"நிறுத்தினா கை இளைச்சிடுமேங்க?"

தேவிப்ரியா எழுந்தாள். "ஊரே என்ன மலடின்னுது. நீ இன்னா, கையப் பாத்துக்கினு உக்காந்திருக்க?"

அன்றே அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். அவன் ஜிம்முக்குப் போனான்.