பாலைமரத்தில் மிஞ்சிய வேப்பங்கொப்பு

1. ஒன்று கூட

வந்திருந்தவர்கள் எல்லாரும் மலையிலிருந்து இறங்கிவிட்டார்கள். இளநி குடித்தாயிற்று, படம் எடுத்தாயிற்று, சப்பாத்துக்குள் புகுந்த மண்ணையும் தட்டியாயிற்று. நானும் வேன் நின்ற பக்கம் நடக்க வெளிக்கிட்டேன். பழக்கதோஷத்தில் பாலைமரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கயிற்றில் ஒரு கொப்பு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன் என்பதால் முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் திருகோணமலையில் ஒரு சின்ன டுவர் கம்பனியில் ட்ரெக்கிங் கைட். வெருகலுக்கு இந்தப் பக்கம், வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு கல்லுமலை இருக்கிறது. அதில் ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. உச்சிப் பாறையில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் குளமும் வயலும். வானம் தெளிந்திருந்தால் தெற்கே, வெகுதூரத்தில், குடும்பிமலை நீலமாகத் தெரியும். கிழக்குப் பாதையால் ஏறி மேற்குப் பாதையால் இறங்குவோம். இரண்டும் அடிவாரத்தில் அந்தப் பாலைமரத்தடியில் சந்திக்கின்றன. பின்னேரம் வெயில் தணிந்தால் யானைகள் குளத்துக்கு இறங்கும். அதற்கு முன் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும்.

காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு பச்சைக் கொப்பை முறித்து மரத்தில் வைத்து, காவலாக இருக்கிற தெய்வத்திடம் சொல்லிவிட்டுப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். விறகுக்குப் போகிறவர், தேனுக்குப் போகிறவர், மாடு தேடிப் போகிறவர் எல்லாரும் வைப்பார்கள். அவர்களுடைய கொப்புகள் மரக்கவட்டில் கிடந்து காயும். அந்த வழக்கத்தோடு நான் ஒரு சட்டத்தைச் சேர்த்தேன். மரத்தில் ஒரு கயிறு கட்டினேன். எங்களோடு வருகிறவர்கள் போகும்போது ஆளுக்கொரு கொப்பை அதில் செருக வேண்டும், திரும்பியதும் ஆளுக்கொன்றை எடுத்துக் கீழே போட வேண்டும். கயிறு வெறுமையானால் காடும் வெறுமை. ஒஃபீஸில் இதை ‘கல்ச்சரல் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று பேஸ்புக்கில் போட்டார்கள். எனக்கு அது தலை எண்ணுகிற வழி, அவ்வளவுதான்.

அன்று வந்தவர்கள் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி ஆட்கள். நான் திரும்பத் திரும்ப எண்ணினேன். தலைக்கணக்கு சரி. ஒருவரும் குறையவில்லை. கொப்பு மட்டும் ஒன்று கூட.

2. காலில் சக்கரம்

எனக்கு ஓரிடத்தில் இருக்க ஏலாது. அது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். முதலில் சீனன்குடாவில் ஒரு ஸ்டோரில் வேலை கிடைத்தது. கதிரையில் குந்தியிருந்து சாமான் போவதையும் வருவதையும் பார்க்கிற வேலை. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கோ மத்தியானத்துக்குள் கால் குறுகுறுக்கத் தொடங்கிவிடும். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். சாம்பல்தீவில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் நான் சோற்றுக் கோப்பையோடு நடந்துகொண்டு சாப்பிடுவதைப் பார்த்து என் மனுசி, “உங்களுக்குக் கால்ல சக்கரம்தான் கட்டி விட்டிருக்கு” என்பாள். மலைக்கு ஆள் கூட்டிப்போகிற இந்த வேலை கிடைத்த பிறகுதான் அவளுக்கும் நிம்மதி.

எனக்கு நேர்மாறான மனுசன் எங்கள் வேன் டிரைவர் றவூப் நானா. மூதூர்க்காரர், என்னைவிட மூத்தவர், அதனால் அவருடைய ஊர் வழக்கில் நானா. எங்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டு, வேப்பமர நிழலில் வேனை விட்டு, செருப்பைக் கழற்றி வாசலில் வைத்து, கண்ணாடியில் துவாயைத் தொங்கவிட்டு, பின் சீற்றில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிடுவார். நாங்கள் திரும்பி வந்து கதவைத் தட்டும்வரை அசைய மாட்டார். “எப்பிடி நானா உங்களால ஏலுது?” என்று கேட்பேன். “வேலை எண்டா செய்யத்தானே வேணும் தம்பி” என்பார். நான் அதைப் பகிடி என்றே நினைத்திருந்தேன்.

3. செருப்பு இருக்கிறது

கம்பனி ஆட்களின் மனேஜர் நல்ல மனுசன்தான், அவசரக்காரன். நான் மரத்தடியில் அங்குமிங்கும் நடப்பதைக் கண்டுவிட்டு வந்தார்.

“என்ன அண்ணை, எங்கட ஆக்கள் எல்லாரும் வந்தாச்சுத்தானே? இரவு ஹோட்டல்ல டின்னர் வச்சிருக்கிறம், வெளிக்கிடுவம்.”

“ஒரு கொப்பு கூட இருக்கு சேர்.”

“யாரும் பகிடிக்கு ரெண்டு வச்சிருப்பினம்.”

அவர் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் இரண்டு வைக்கவில்லை. நான் அந்தக் கொப்பை விரல்களால் பிடித்துப் பார்த்தேன். இலை வாடவில்லை. மற்றவர்கள் வைத்ததெல்லாம் பாதையோரத்தில் முறித்த வீரைக் கொப்பு. இது வேப்பங்கொப்பு. யாரோ ஒருவர் எங்களுக்குப் பின்னால் உள்ளே போயிருக்கிறார், இன்னும் வரவில்லை. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

“சேர், நீங்கள் எல்லாரும் வேனில போங்கோ. நான் ஒருக்கா மேல பாத்திட்டு வேற வாகனத்தில வாறன்.”

அவருக்கும் அது சரியாகப் பட்டது. றவூப் நானாவை எழுப்பப் போனேன். வாசலில் செருப்பு இருந்தது, கண்ணாடியில் துவாய் தொங்கியது. கதவைத் தட்டினேன். அனக்கமில்லை. இழுத்துத் திறந்தால் பின் சீற் வெறுமை. விருந்தாளிகள் யாராவது செருப்போடு வந்தால் கொடுக்கவென்று ஒரு பையில் பழைய கன்வஸ் சப்பாத்துகள் வைத்திருப்போம். அந்தப் பை திறந்து கிடந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அந்த இடத்தில் வேப்பமரம் என்றால் வேனுக்கு மேலே நிற்கிற அந்த ஒன்றுதான்.

அவருடைய ஃபோனுக்கு அடித்தேன். அது ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கிடந்து பாடியது.

“டிரைவர் இல்லாட்டிப் பரவாயில்லை, நான் ஓட்டுவன். திறப்பைத் தாங்கோ” என்றார் மனேஜர்.

“திறப்பு அவற்ற பொக்கெற்றில சேர்.”

அதன்பிறகு அவர் டின்னரைப் பற்றிக் கதைக்கவில்லை. எல்லாரையும் வேனுக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தச் சொன்னேன். வெளிக்கிடும்போது, ஏனென்று தெரியாது, வாசலில் கிடந்த செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டேன்.

4. இருக்கிற வேலை

அந்தப் பாதையில் நான் அப்படி ஏறியதே இல்லை. பாதி வழியில் கூவினேன். பதில் இல்லை. எதிர்ப்பட்ட ஒவ்வொரு பாறையின் பின்னாலும் அவர் விழுந்து கிடப்பதுபோல் ஒரு காட்சி வந்து வந்து போனது. உச்சிக்குக் கீழே நின்று மறுபடியும் கூவ, மேலேயிருந்து சாவகாசமாக ஒரு குரல் வந்தது.

“இஞ்சதான் தம்பி இரிக்கன்.”

பாறையில் காலை நீட்டி இருந்தார். சப்பாத்துகள் பக்கத்தில் கிடந்தன. அளவு பத்தாமல் இரண்டு குதிக்காலும் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது. வெறுங்காலோடு அந்த முள்ளுப் பாதையில் அவரால் இறங்க ஏலாது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“நானா, உங்களுக்கு என்ன விசரா? ஆனை வாற நேரம்!”

“ஒவ்வொரு நாளும் ஆக்கள் ஏறிப் போறாங்க. ஏறக்குள்ள ஒரு முகம், இறங்கி வரக்குள்ள வேறொரு முகம். அப்பிடி மேல என்னதான் இரிக்கி எண்டு பாக்க வந்தன். உங்கட சட்டப்படி கொப்பும் வச்சிட்டுத்தான் வந்தன்.”

“சொல்லியிருந்தா நான் கூட்டிக்கொண்டு வந்திருப்பன்தானே?”

“கேட்டிருந்தா சொல்லியிரிப்பன்.”

செருப்பை நீட்டினேன். போட்டுக்கொண்டே கீழே கையைக் காட்டினார். வேப்பமரத்தின் பக்கத்தில் எங்கள் வேன் தெரிந்தது.

“பாருங்க தம்பி, நெருப்புப் பெட்டி மாதிரி நிக்கிது. இவ்வளவு காலமும் அதுக்குள்ளயா நான் படுத்துக் கிடந்த?”

குடும்பிமலையை அவர் பார்த்தாரோ தெரியாது. அந்த வேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

யானைகள் இறங்குகிற மேற்குப் பக்கம் போகப் பயந்து, வந்த பாதையாலேயே இறங்கினோம். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். பாதி தூரம் வந்திருப்போம், முன்னால் கொப்பு முறியும் சத்தம். தனியன் யானை ஒன்று, பெரியது, பாதையை அடைத்துக்கொண்டு எங்களுக்குக் கீழே நின்றது. வழமையான வழியை விட்டு அன்றைக்கென்று அது ஏன் இந்தப் பக்கம் வந்ததோ. காற்று அதன் பக்கமிருந்து எங்கள் பக்கம் வீசியது. அது ஒன்றுதான் எங்களுக்குச் சாதகம். ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினோம்.

அங்கே ஒதுங்கிய உடனேயே என் கால் சொல்வழி கேட்க மறுத்தது. மேலே ஓடலாமா, பக்கத்துப் பள்ளத்தில் இறங்கலாமா, கல்லை எறிந்து கலைக்கலாமா என்று உடம்பு முழுக்க ஒரே துடிப்பு. எழும்பிக்கூட விட்டேன். றவூப் நானா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

“ஓடுறது உங்கட வேலை, தம்பி. இரிக்கிறது என்ட வேலை. இப்ப என்ட வேலைதான் தேவை.”

காதுக்குள் மூச்சாகத்தான் சொன்னார். பிடியை மட்டும் விடவில்லை. எவ்வளவு நேரம் இருந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. யானை ஒவ்வொரு கொப்பாக முறித்து ஆறுதலாகத் தின்றது. எனக்கு எறும்பு கடித்தது, அழுகைகூட வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். பின் சீற்றில் படுத்திருக்கும்போது இருக்கிற அதே முகம். கண் மட்டும் விழித்திருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த மனுசன் வேனுக்குள் ஒருநாளும் நித்திரை கொண்டதில்லை. நாங்கள் வரும்வரை காத்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறார்.

யானை போனது. நாங்கள் இறங்கினோம். வேன் கதவைத் திறந்து மனேஜர் ஓடிவந்தார். ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவர் தண்ணிப் போத்தலை நானாவிடம் நீட்டினார். நானா அதை வாங்கவில்லை. முதலில் நொண்டி நொண்டிப் பாலைமரத்தடிக்குப் போய், தன் வேப்பங்கொப்பை எடுத்துக் கீழே போட்டார். அதன்பிறகுதான் தண்ணி குடித்தார்.

5. இப்போது

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தலை எண்ணும்போது வேனோடு நிற்கிற தலையையும் எண்ணுங்கள். மேலே வரக் கேளுங்கள். வரமாட்டேன் என்று சொன்னாலும் அடுத்த முறை திரும்பக் கேளுங்கள்.

இப்போது மாதத்தில் ஒருநாள் நான் கீழே நிற்பேன். இளம் கைட் ஒருவன் முன்னால் போக, கடைசி ஆளாக றவூப் நானா ஏறுவார், சொந்தச் சப்பாத்தோடு. வேனுக்குள் படுத்துப் பார்த்தேன், என்னால் ஏலாது. துவாயைத் தொங்கவிட்டும் பார்த்தேன், சரிவரவில்லை. வெயில் தணியத் தணிய நான் பாலைமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருப்பேன். கயிற்றில் நிறைய வீரைக் கொப்புகள் தொங்கும். என் கண் அந்த ஒரு வேப்பங்கொப்பில்தான் இருக்கும்.